எந்த மெஷினை நம்புவது? தரங்கம்பாடியிலிருந்து செஞ்சி வரை ஓர் அச்சுக் கதை

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

செஞ்சின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை, அதைச் சுத்தி மதில், கல்யாண மகால், தேசிங்கு ராஜா. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியரின் 12 கோட்டைகளைச் சேர்த்தாங்க. அதில் தமிழ்நாட்டிலிருந்து இருக்கிற ஒரே கோட்டை செஞ்சி. அந்தச் செய்தி வந்தப்ப நிறைய பேர் பைக்கை எடுத்துக்கிட்டு கிளம்பிப் போய் போட்டோ போட்டீங்க.

இன்னைக்கு நாம கோட்டைக்குள்ளே போகப்போறதில்லை. கீழே ஊருக்குள்ளே, கடைத்தெருவில் இருக்கிற அச்சகத்துக்குப் போறோம். கேள்வியும் ராஜாக்களைப் பத்தினது இல்லை. செஞ்சி மாதிரி ஒரு ஊரில் அச்சகம் நடத்துற ஒருத்தர், கடன் வாங்கி ஒரு ஆஃப்செட் மெஷின் வாங்கணும்னா, எதை நம்பி வாங்குவார்?

இதில் ஹிஸ்டரி எங்கே இருக்குன்னு கேக்கலாம். தமிழ்நாட்டில் 300 வருஷத்துக்கும் மேலா யாரோ ஒருத்தர் இதே கேள்வியைக் கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் பதில் வேற மாதிரி வந்திருக்கு. அந்தப் பதில்களை வரிசையா வெச்சுப் பார்த்தா, இன்னைக்கு அந்த அச்சகக்காரர் என்ன யோசிக்கணும்னு ஓரளவு தெளிவாகுது.

1714: ஒரே வருஷம், ரெண்டு செய்தி

1714 அக்டோபர் 3. செஞ்சிக்குப் பக்கத்தில் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, தேஜ் சிங் இறந்துபோனார். நம்ம வாயில் அவர் தேசிங்கு ராஜா.

அதே 1714ல், செஞ்சியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி, கடற்கரையில் தரங்கம்பாடியில், டேனிஷ்காரங்களோட சின்ன ஊரில், சீகன்பால்குவின் ஆட்கள் விவிலியப் புதிய ஏற்பாட்டின் முதல் பகுதியைத் தமிழில் அச்சடிச்சாங்க. ஒரு பக்கம் குதிரையும் வாளும். இன்னொரு பக்கம் ஈயமும் மையும்.

தமிழில் அச்சு அப்போ புதுசு இல்லை. 1578லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆனா அந்த முதல் முயற்சிகள் தொடரலை. தரங்கம்பாடியில் தொடங்கினது தொடர்ந்தது. ஏன்னு கேட்டா, அந்த அச்சுக்கூடம் எப்படி வந்து சேர்ந்ததுன்னு பார்க்கணும்.

லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்துவ சங்கம் அச்சு இயந்திரம், காகிதம், ரோமன் எழுத்துகள், கூடவே யோனாஸ் ஃபிங்க்னு ஒரு அச்சாளர், எல்லாத்தையும் கப்பலில் அனுப்பினது. வழியில் பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரங்க கப்பலைப் பிடிச்சுட்டாங்க. எப்படியோ மீண்டு வந்த கப்பலில் மெஷின் அப்படியே இருந்தது. ஆனா அச்சாளர் பயணத்திலேயே இறந்துட்டார். 1712ல் மெஷின் வந்து சேர்ந்தப்போ ஓட்ட ஆளில்லை. அச்சு வேலை கொஞ்சம் தெரிந்த ஒரு சிப்பாயைத் தேடிப் பிடிச்சுத்தான் ஆரம்பிச்சாங்க.

அடுத்த வருஷம் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன. பார்த்தா, எழுத்து ரொம்பப் பெருசு. அந்த அளவில் அச்சடிச்சா இருக்கிற காகிதம் பத்தாது. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஆட்லர் என்கிறவர் பொறையாரில் சின்ன அளவில் எழுத்து வார்த்தார். இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத்தைக்கூட அதுக்கு உருக்கினாங்கன்னு சொல்வாங்க. அப்புறம் காகிதத்துக்காக அங்கேயே ஒரு காகித ஆலை. 1715ல் புதிய ஏற்பாடு முழுசா முடிஞ்சது.

இப்போ கணக்குப் போட்டுப் பாருங்க. இந்தக் கதையில் மெஷின் ஒரு நாளும் பிரச்சினை பண்ணலை. கடற்கொள்ளையைத் தாண்டி வந்தும் ஓடினது. பிரச்சினை பண்ணினதெல்லாம் மத்ததுதான்: ஆள், எழுத்து, காகிதம். அந்த மூணையும் உள்ளூரிலேயே செஞ்சுக்க முடிஞ்சதாலதான் அந்த அச்சுக்கூடம் நிலைச்சது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. செஞ்சி கடைத்தெருவில் இது திரும்ப வரும்.

1761: கொள்ளையில் வந்த அச்சு

அடுத்த காட்சியில் செஞ்சிக்கு நேரடிப் பங்கு இருக்கு. 1750ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடிச்சார். பத்து வருஷத்துக்கும் மேல் அது பிரெஞ்சுக்காரங்க கையில் இருந்தது. 1761 ஜனவரியில் அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடிச்சாங்க. அதே வருஷம் ஏப்ரல் 5ஆம் தேதி செஞ்சியும் சரணடைஞ்சது. தென்னிந்தியாவில் பிரெஞ்சுக்காரங்களோட கனவு முடிஞ்ச இடங்களில் ஒண்ணு, நீங்க செல்ஃபி எடுக்கிற அந்த ராஜகிரி.

அந்தப் படையெடுப்பில் புதுச்சேரி கவர்னர் மாளிகையிலிருந்து கொண்டுபோன பொருள்களில் ஒரு அச்சு இயந்திரமும் இருந்தது. சென்னைக்குக் கொண்டுபோயாச்சு. ஆனா ஓட்ட ஆள் வேணுமே? வேப்பேரியில் ஃபப்ரீசியஸ் என்ற ஜெர்மன் மிஷனரி இருந்தார், தமிழில் பெரிய புலமை. கவர்னர் பிகாட் அந்த அச்சை அவர்கிட்ட கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு: கம்பெனியோட வேலை வந்தா அதுதான் முதலில். மிச்ச நேரத்தில் உங்க வேலை.

அந்த வேப்பேரி அச்சுக்கூடத்திலிருந்துதான் 1779ல் ஃபப்ரீசியஸின் தமிழ்–ஆங்கில அகராதி வெளிவந்தது. பின்னாடி வந்த பல அகராதிகளுக்கு அது அடித்தளம்.

மெஷின் யாரோடது, யாருடைய வேலை முதலில் ஓடும் என்கிற கேள்வி இங்கேதான் தொடங்குது. இன்னைக்கு அந்த இடத்தில் வங்கிக் கடனோட மாதத் தவணை உக்காந்திருக்கு. தவணை கட்டணும்னா எந்த வேலை வந்தாலும் எடுக்கணும். மெஷினோட முதல் முதலாளி பல நேரம் அந்தத் தவணைதான்.

1849: யாழ்ப்பாணத்துக்குப் போன மெஷின்

கம்பெனி ஆட்சியில் அச்சகம் வைக்க அனுமதி வாங்கணும் என்கிற கட்டுப்பாடு நீண்ட காலம் இருந்தது. 1835ல் மெட்காஃப் காலத்துச் சட்டம் அந்த அனுமதி முறையை எடுத்துட்டுப் பதிவு செஞ்சாப் போதும்னு ஆக்கினது. அதுக்கப்புறம் சென்னையில் தமிழர்கள் நடத்தின அச்சுக்கூடங்கள் வேகமாப் பெருகின.

1849ல் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு இளைஞர் சென்னைக்கு வந்தார். வயசு 26–27 இருக்கும். மிஷன் பள்ளியில் படிச்சவர், அங்கேயே வாத்தியாரா இருந்தவர், விவிலிய மொழிபெயர்ப்பில் உதவினவர். அந்த வேலையை விட்டுட்டு வண்ணார்பண்ணையில் சொந்தமா சைவப் பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வேணும், புத்தகத்துக்கு அச்சு வேணும். அந்த அச்சு வாங்கத்தான் கடல் தாண்டி வந்தார். வந்த பயணத்தில் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' பட்டம் கொடுத்தது. ஆமா, ஆறுமுக நாவலர்தான்.

சென்னையில் அச்சு இயந்திரம் வாங்கி, யாழ்ப்பாணத்தில் வித்தியானுபாலன யந்திரசாலையை நிறுவினார். பாலபாடங்களும் பெரியபுராண வசனமும் மத்த நூல்களும் தொடர்ந்து வந்தன.

நாவலர் மெஷின் வாங்கின விதத்தில் ஒரு வரிசை இருக்கு, கவனிச்சுப் பாருங்க. முதலில் பள்ளிக்கூடம். அப்புறம் என்ன புத்தகம் வேணும்னு தெளிவு. கடைசியாத்தான் மெஷின். என்ன அச்சடிக்கப்போறோம்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்கப் போனார். இன்னைக்குப் பலர் இதைத் தலைகீழாப் பண்றாங்க: மெஷின் மலிவாக் கிடைச்சது, வாங்கிட்டோம், இப்போ அதுக்கு வேலை தேடணும்.

பெரிய எழுத்துக் கதையும் காலால் மிதிச்ச மெஷினும்

செஞ்சிக்குத் திரும்புவோம். தேசிங்கு ராஜா கதை தமிழ்நாடு முழுக்கப் பரவினதுக்குக் காரணம் வரலாற்றுப் புத்தகங்கள் இல்லை. தெருக்கூத்தும் கதைப்பாடலும், அப்புறம் 'பெரிய எழுத்து'ன்னு அட்டையில் போட்டு வந்த மலிவுப் புத்தகங்களும்தான். சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் மாதிரி பதிப்பகங்கள் இப்படிப்பட்ட கதைகளை அச்சடிச்சுத் தள்ளின. திருவிழாக் கடையிலும் சந்தையிலும் விக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களுக்காக எழுத்து பெருசு.

தரங்கம்பாடியில் எழுத்து பெருசா இருந்தது பிரச்சினை. இங்கே அதுவே விற்பனை. வாசகர் யாருன்னு மாறினா, நல்ல அச்சு எதுன்னும் மாறிடுது.

சின்ன ஊர்களில் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஓடினது டிரெடில் மெஷின். காலால் மிதிச்சு ஓட்டலாம், பின்னாடி மோட்டார் மாட்டினாங்க. ஒரு பக்கம் மை உருளை ஏறி இறங்கும், இன்னொரு பக்கம் காகிதத்தைக் கையால் வெச்சு எடுக்கணும். விரல் தப்பினா போச்சு. எழுத்துக் கோர்க்கிற கம்பாசிட்டர் கேஸ் முன்னாடி நின்னு, ஒவ்வொரு எழுத்தா எடுத்து, ஸ்டிக்கில் தலைகீழா அடுக்குவார். தமிழுக்கு உயிர்மெய் வடிவங்கள் நிறைய, அதனால கேஸில் அறைகளும் நிறைய. 1978ல் தமிழக அரசு பெரியாரோட எழுத்துச் சீர்திருத்தத்தை ஏத்துக்கிட்டு ணை, லை, றா, னா போன்ற எழுத்துகளோட வடிவத்தை மாத்தினப்போ, பாடப்புத்தகம் படிக்கிறவங்களுக்கு மட்டும் அது செய்தி இல்லை. கேஸ் முன்னாடி நின்னவங்களுக்கும் செய்தி.

இந்த டிரெடிலோட உயர்ந்த வடிவம்னு சொன்னா ஹைடல்பர்க் பிளேட்டன். ரெண்டு இரும்புக் கை காத்தாடி மாதிரி சுத்தி, தானே காகிதத்தை எடுத்து வெச்சு, தானே வெளியே போடும். ஜெர்மனியில் 1985 வரைக்கும் தயாரிச்சாங்க. நிறுத்தி நாற்பது வருஷம் ஆச்சு. இன்னும் நம்ம ஊர்களில் ஓடுது. அச்சடிக்க மட்டும் இல்லை. பில் புக்குக்கு நம்பர் போட, அட்டையில் மடிப்புக் கோடு போட, வடிவத்துக்கு வெட்ட. நம்பகமான மெஷின்னா என்னன்னு அச்சகக்காரரைக் கேட்டா, பெரும்பாலும் இதைத்தான் கை காட்டுவார்.

கல்லிலிருந்து ரப்பருக்கு

இப்போ ஆஃப்செட். பேரைக் கேட்டிருப்பீங்க, என்னன்னு ஒரு நிமிஷத்தில் சொல்லிடறேன்.

1790களின் கடைசியில் பவேரியாவில் செனஃபெல்டர்னு ஒருத்தர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சார். எண்ணெயும் தண்ணியும் சேராது. ஒரு வகைச் சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதி, கல்லை ஈரமாக்கி, அச்சு மையை உருட்டினா, எழுதின இடத்தில் மட்டும் மை ஒட்டும். மேடு பள்ளமே வேணாம். அதுதான் லித்தோ, கல்லச்சு.

1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெல் என்கிற அச்சகக்காரர் லித்தோ மெஷின் ஓட்டிக்கிட்டிருந்தார். ஒரு தடவை காகிதம் போகாமல் தப்பினா, படம் எதிரே இருந்த ரப்பர் உருளையில் பதிஞ்சிடும். அடுத்த காகிதத்தோட பின்பக்கத்தில் ரப்பரிலிருந்து பதியும். அப்படிப் பதிஞ்சது நேரடியாப் பதிஞ்சதைவிடத் துல்லியமா இருக்குன்னு அவர் கவனிச்சார். தகரத்தில் அச்சடிக்க இங்கிலாந்தில் 1870களிலேயே இப்படி ஒரு முறை இருந்தது. காகிதத்துக்கு அதைக் கொண்டுவந்தவங்களில் ரூபெல் முக்கியமானவர்.

அதாவது பிளேட்டிலிருந்து ரப்பர் பிளாங்கெட்டுக்கு, பிளாங்கெட்டிலிருந்து காகிதத்துக்கு. இவ்வளவுதான் ஆஃப்செட். ஆனா இதில் தண்ணியும் மையும் எப்பவும் சமநிலையில் இருக்கணும். தண்ணி கூடினா எழுத்து வெளிறும். குறைஞ்சா மை அப்பும். தமிழில் இது உடனே தெரியும். ஆங்கிலத்தில் ஐ, ஜே மேலே மட்டும்தான் புள்ளி. நமக்கு ஒவ்வொரு மெய்யெழுத்து மேலயும் புள்ளி. மை அப்பினா புள்ளி கீழே இருக்கிற எழுத்தோடு ஒட்டிக்கும், ழகரத்தோட சுழி அடைஞ்சுபோகும். 'அன்புடன் அழைக்கிறோம்' என்கிறதில் புள்ளி போச்சுன்னா, கல்யாண வீட்டுக்காரர் அதை எடுத்துக்கிட்டு நேரா கடைக்கு வந்துடுவார்.

சிவகாசி எதனால் ஜெயிச்சது

தமிழ்நாட்டில் ஆஃப்செட் பத்திப் பேசிட்டு சிவகாசிக்குப் போகாம இருக்க முடியாது.

1922ல் சிவகாசியிலிருந்து ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போனாங்க. தீப்பெட்டித் தொழில் கத்துக்க. திரும்பி வந்து தொழில் தொடங்கினாங்க, அது பெருகினது. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், பட்டாசுக்கும் லேபிள் வேணும். வெளியூரில் அடிச்சு வாங்குறதைவிட நாமே அடிப்போம்னு அச்சு வந்தது. முதலில் லித்தோ கல், அப்புறம் ஆஃப்செட். லேபிள் இல்லாத மாசங்களில் மெஷின் சும்மா நிக்கக் கூடாதுன்னு காலண்டர், டைரி, நோட்டுப் புத்தக அட்டைன்னு வேலை விரிஞ்சது. பக்கத்துக் கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையா ராஜுவும் அவரோட சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி வீட்டுச் சுவர்களுக்கு வந்தாங்க.

சிவகாசியோட வெற்றிக்கு ஒரு பெரிய காரணம் வெயில். மழை குறைந்த, வறண்ட ஊர். தீக்குச்சி காய அது நல்லது. அச்சுக்கும் நல்லது. காகிதம் ஈரத்தை இழுத்தா விரியும். நாலு கலர் வேலையில் முதல் கலருக்கும் கடைசிக் கலருக்கும் நடுவில் காகிதம் ஒரு மயிரிழை விரிஞ்சாப் போதும், முருகனோட உதடு கன்னத்துக்கு நகர்ந்துடும்.

இன்னொரு காரணம் கூட்டம். ஒரே ஊரில் நூத்துக்கணக்கான அச்சகங்கள். வெளிநாட்டில் ஓடி முடிச்ச பழைய ஜெர்மன் மெஷின்கள் கப்பலில் வந்து இங்கே மறுபிறவி எடுத்தன. ஒரு மெஷினில் கிரிப்பர் உடைஞ்சா, அடுத்த தெருவில் அதே மாடல் நிக்கும். உருளைக்கு ரப்பர் போடுறவர் பக்கத்தில், மெக்கானிக் போன் பண்ணினா வருவார், மை கடை நடக்கிற தூரம். சிவகாசியில் ஒரு பழைய மெஷின் நம்பகமானது. அதே மெஷினைத் தனியா ஒரு ஊரில் கொண்டுபோய் நிறுத்தினா அந்த நம்பகம் கூடவே வருமா?

இதுதான் செஞ்சிக்காரரோட கேள்வியின் மையம்.

செஞ்சியில் என்ன வேலை வரும்?

நாவலர் மாதிரி முதலில் வேலையைப் பார்ப்போம். செஞ்சி மாதிரி ஊரில் அச்சகத்துக்கு என்ன வரும்? கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, காதுகுத்து. கோயில் திருவிழா நோட்டீஸ். பக்கத்தில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில், அமாவாசைக்கு அமாவாசை கூட்டம். நெல் வியாபாரம் பெருசு, மண்டிகளுக்கு பில் புக், ரசீது, எடைச் சீட்டு. கண்ணீர் அஞ்சலி. தேர்தல் வந்தா துண்டுப் பிரசுரம்.

இதில் கல்யாணப் பத்திரிகையில் ஒரு சங்கதி இருக்கு. பிள்ளையார் படமும் பொன் நிற வேலைப்பாடும் உள்ள அட்டை பெரும்பாலும் சிவகாசி மாதிரி ஊர்களிலேயே அச்சாகி, உள்ளே வெத்தா வரும். கடையில் ஆல்பத்தைப் புரட்டி நீங்க தேர்ந்தெடுக்கிறது அந்த அட்டையைத்தான். பேரும் தேதியும் மண்டப விலாசமும் மட்டும் உள்ளூரில், ஒரு கலரில் அடிப்பாங்க. சில நூறு பிரதி. அட்டை தடிமன்.

ஆக, நாலு கலர் பெரிய மெஷினுக்கு அங்கே தினசரி வேலை இல்லை. சின்ன எண்ணிக்கை, ஒரு கலர், மெல்லிசு தாளிலிருந்து தடிமன் அட்டை வரைக்கும். ஒரு நாளில் அஞ்சாறு வேலை மாறும். ஒவ்வொரு மாத்தத்துக்கும் பிளேட் மாட்டி, மை சரிபண்ணி, நல்ல பிரதி வர்றதுக்குள்ள சில தாள் வீணாகும். 5,000 நோட்டீஸில் 50 தாள் போனா கவலை இல்லை. 200 பத்திரிகையில் 50 அட்டை போனா லாபம் அங்கேயே முடிஞ்சது.

அதனால மணிக்கு எவ்வளவு வேகம் ஓடும் என்கிறது இங்கே முக்கியம் இல்லை. எவ்வளவு சீக்கிரம் நல்ல பிரதி வரும் என்கிறதுதான் முக்கியம்.

எதெது இருக்கு?

ஒரு வழி, மினி ஆஃப்செட். சின்ன அளவு, ஒரு கலர். கோயம்புத்தூரில் ஆட்டோபிரிண்ட் நிறுவனம் இந்த வகை மெஷின் தயாரிக்குது. ஓர் இரவு பஸ் பயணத்தில் ஸ்பேர் வரும், மெக்கானிக் தமிழில் பேசுவார். சின்ன ஊருக்கு இது பெரிய விஷயம்.

ரெண்டாவது, பழைய ஜெர்மன் மெஷின். 1972ல் ஹைடல்பர்க் கொண்டுவந்த ஜிடிஓ வகை இந்தியா முழுக்கப் பேர் எடுத்தது. அதே நிறுவனத்தோட கார்ட், சார்ம் மாதிரி மத்த பழைய மாடல்களும் சந்தையில் உண்டு. இரும்பு கெட்டி, வேலை சுத்தம். ஆனா நீங்க வாங்கப்போறது மூணாவது கையா, நாலாவது கையா என்கிறது மெஷினோட பெயிண்டில் தெரியாது.

மூணாவதா ஒரு பேர் ஒரு காலத்தில் இருந்தது: எச்எம்டி. ஆமா, உங்க தாத்தா கைக்கடிகாரம். அதே அரசு நிறுவனம் கேரளாவில் களமசேரி ஆலையில் ஆஃப்செட் மெஷினும் செஞ்சது. இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலத்தில் பல அச்சகங்கள் ஆஃப்செட்டுக்கு மாற அது வழி திறந்தது. பழைய எச்எம்டி இன்னும் அங்கங்கே ஓடுது. ஆனா தயாரிச்ச நிறுவனம் தளர்ந்தப்புறம் ஸ்பேருக்கு லேத் பட்டறைதான் கதி.

நாலாவது வழி, மெஷினே வாங்காம இருக்கிறது. டிசைன் மட்டும் இங்கே பண்ணி, சிவகாசிக்கோ சென்னைக்கோ அனுப்பி, பார்சலில் வாங்கிக்கிறது. நூறு பேரோட விசிட்டிங் கார்டை ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிக்கிறவங்க கொடுக்கிற விலைக்கு உள்ளூரில் யாராலும் அடிக்க முடியாது. ஆனா கண்ணீர் அஞ்சலி பார்சலுக்குக் காத்திருக்காது. காலையில் இறப்பு, மத்தியானம் சுவரில் போஸ்டர் இருக்கணும். உள்ளூர் மெஷினோட உண்மையான மதிப்பு இந்த மாதிரி அவசரங்களில்தான் இருக்கு.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. 2012 பக்கம் சென்னைக்கு வெளியே பல மணி நேரம் கரண்ட் இல்லாம இருந்தது, உங்களில் சிலர் பத்தாங்கிளாஸ் பரீட்சைக்கு மெழுகுவர்த்தியில் படிச்சிருப்பீங்க. டிரெடிலைக் காலால் மிதிக்கலாம். ஆஃப்செட்டில் வேலை நடுவில் கரண்ட் போனா, மை உருளையிலேயே காய ஆரம்பிக்கும், தண்ணிச் சமநிலை போகும், திரும்ப முதலிலிருந்து. ஜெனரேட்டர் செலவைச் சேர்க்காம மெஷின் விலையைப் பேசினவங்க அந்த வருஷங்களில் ரொம்பக் கஷ்டப்பட்டாங்க.

பழைய மெஷின் முன்னாடி நிக்கிறப்போ

சரி, ஒரு பழைய மெஷினைப் பார்க்கப் போறோம்னு வெச்சுக்குவோம். பெயிண்ட் புதுசு, தரகர் பேச்சு இனிப்பு. என்ன பார்க்கணும்?

மெஷினை ஓட விட்டு முழுக் கருப்பா ஒரு பட்டை அடிச்சுப் பார்க்கணும். உருளைகளோ சிலிண்டரோ பழுதா இருந்தா, கருப்பில் கோடு கோடா, திட்டுத் திட்டாத் தெரிஞ்சிடும். எழுத்து மட்டும் அடிச்சுக் காட்டினா இது மறைஞ்சுபோகும்.

அடிச்ச தாளையே திரும்ப உள்ளே விட்டு அதே இடத்தில் ரெண்டாவது தடவை அடிக்கணும். மெல்லிசுக் கோடும் புள்ளியும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்தா கிரிப்பர் தாளை ஒழுங்காப் பிடிக்குது. ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா, அந்த மெஷினில் ரெண்டு கலர் வேலைகூடச் சரியா வராது.

சிலிண்டர் ஓரத்தில் கையை வெச்சுப் பார்க்கணும், மெஷின் நின்ன பிறகு. அடிபட்ட குழி இருந்தா ஒருநாள் ரெண்டு மூணு தாள் ஒட்டிக்கிட்டுப் போயோ, ஸ்பேனர் விழுந்தோ நசுங்கியிருக்கு. அது சரியாகாது.

உங்க ஊர் அட்டையை எடுத்துக்கிட்டுப் போகணும். தரகர் வெச்சிருக்கிற நல்ல ஆர்ட் பேப்பரில் எல்லா மெஷினும் அழகா ஓடும். நீங்க தினம் ஓட்டப்போற மலிவுத் தாளும் தடிமன் அட்டையும் ஓடுதான்னு பார்க்கணும்.

கடைசியா ஒரு கேள்வி, இது மெஷினைப் பார்த்து இல்லை, நமக்குள்ளே: இதை ஓட்டப்போற ஆள் யார்? அவர் ஒரு மாசம் வரலைன்னா யார்? ஆஃப்செட் ஓட்டுறவருக்குச் சென்னையிலும் புதுச்சேரியிலும் கூடுதல் சம்பளம் கிடைக்கும்போது செஞ்சியில் ஏன் இருப்பார்? யோனாஸ் ஃபிங்க் நடுக்கடலில் இறந்தப்போ தரங்கம்பாடியில் வந்த அதே சிக்கல்தான் இது. 1712லும் சரி, இன்னைக்கும் சரி, ஆள் இல்லாத மெஷின் கனமான இரும்பு.

அப்போ பதில் என்ன?

தேசிங்கு கதைப்பாடலில் ஒரு குதிரை வரும், பாராசாரி. டெல்லி பாதுஷாகிட்ட இருந்த அந்தக் குதிரையை யாராலும் அடக்க முடியலை, தேசிங்குதான் அடக்கினார்னு கதை சொல்லும். ராஜாவுக்கு அது சரி. கடன் வாங்கி அச்சகம் நடத்துறவருக்குப் பாராசாரி வேணாம். அவர் காய்ச்சலில் படுத்தாலும் தம்பியோ தங்கச்சியோ ஏறி ஓட்டக்கூடிய குதிரைதான் வேணும்.

என்னோட வாசிப்பில், செஞ்சிக்குப் பொருத்தம் ஒரு சின்ன, ஒரு கலர் மினி ஆஃப்செட், அதுவும் சுற்று வட்டாரத்தில், அதாவது திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ இன்னும் நாலு பேர் வெச்சிருக்கிற அதே மாடல். பக்கத்தில் பழைய பிளேட்டன் ஒண்ணு, நம்பருக்கும் மடிப்புக்கும். பல கலர் வேலை சிவகாசிக்குப் போகட்டும். அதில் பெருமை குறைச்சல் எதுவும் இல்லை.

இதில் ஒரு மெஷின் வாங்குறதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. 1867ல் வந்த பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டம், அச்சடிச்சவர் பேரும் இடமும் போடணும்னு சொன்னது. தேர்தல் பிரசுரங்களுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி இன்னைக்கும் அது கட்டாயம். கல்யாணப் பத்திரிகையில் சட்டம் கேக்காமலே பழக்கத்தில் அச்சகத்தோட பேர் கடைசி வரியில் வரும். ஒரு ஊரோட கல்யாணம், சாவு, திருவிழா, நெல் விலை, அரசியல் எல்லாத்துக்கும் கீழே அந்த ஊர்ப் பேர் சின்ன எழுத்தில் இருக்கு. உள்ளூர் அச்சகம் மூடினா, அந்த வரியில் வேற ஊர்ப் பேர் வரும்.

அடுத்த தடவை வீட்டுக்கு ஒரு பத்திரிகை வந்தா, மண்டபத்துக்கு மேப் தேடுறதுக்கு முன்னாடி அந்தக் கடைசி வரியைப் படிங்க. உங்க ஊரில் பழைய அச்சகம் ஏதாவது இன்னும் ஓடுதுன்னா, என்ன மெஷின், எப்போ வாங்கினது, ஏன் அதை வாங்கினாங்கன்னு கேட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.